சலவை வண்டியின் பின்னிருக்கை

"என் வண்டிய என்ன பண்ணி வச்சிருக்கே?"

அத்தை அன்றைக்குப் பேச்சைத் தொடங்கியது இப்படித்தான். ஆஸ்பத்திரியின் வண்டிக்கூடத்தில், தூக்கி நிறுத்தியிருந்த ஒரு மின்வண்டிக்கு அடியில் அவள் குனிந்திருந்தாள். அத்தையின் அண்ணன் மகள் அவள். மின்வண்டிகளின் மோட்டாரையும் பேட்டரியையும் கவனித்துக்கொள்ளும் வேலைக்கு அண்மையில்தான் அங்கே வந்து சேர்ந்திருந்தாள். குரல் கேட்டு நிமிர்ந்தபோது அத்தை செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தாள். வெறுங்காலோடு வண்டி ஓட்டுவது அத்தையின் வழக்கம். இறங்கிய பிறகும் செருப்பைப் போடாமல் வந்திருக்கிறாள் என்றால், விஷயம் பெரிதுதான்.

"ஒண்ணும் பண்ணலையே அத்தை. எல்லா வண்டிக்கும் பண்ணினதுதான்."

"எல்லா வண்டிக்கும் என்ன பண்ணினே? அதைச் சொல்லு."

"மோட்டார் பிரேக் செட்டிங்கை மாத்தினேன். இறக்கத்துல நீங்க காலை எடுத்ததும் மோட்டார் சட்டுனு பிடிக்கும். கரண்ட் கொஞ்சம் கூடுதலா பேட்டரிக்குத் திரும்பி வரும். பொறுப்பாளர் சொன்னார்."

"சரி, கரண்ட் திரும்பி வருது. உன் மாமாவோட தூக்கம் போயிடுச்சே, அதுக்கு யாரு பொறுப்பாளர்?"

அவளுக்கு விளங்கவில்லை. விளங்காதபோது பேசாமல் இருப்பது அவள் சுபாவம். அந்த மௌனத்தை மற்றவர்கள் யோசனை என்று எடுத்துக்கொள்வார்கள். அத்தை அப்படி ஏமாறுகிறவள் இல்லை.

"முழிக்காதே மருமகளே. இந்த வாரம் பூரா அவர் கண்ணே மூடலை."

"வண்டிக்கும் மாமா தூக்கத்துக்கும் என்ன சம்பந்தம் அத்தை?"

அத்தை கூடத்தின் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. செருப்பைக் கீழே போட்டுக் காலை நுழைத்துக்கொண்டு, பக்கத்தில் வந்து, தணிந்த குரலில் சொன்னாள்.

"அவர் என் வண்டியிலதான் தூங்குவார். வேற எங்கயும் தூங்க மாட்டார். இதை உங்கப்பாகிட்ட போய்ச் சொல்லி வைக்காதே, என் மானம் போகும்."

"வீட்டுல?"

"வீட்டுல கட்டில் இருக்கு, மெத்தை இருக்கு, ஃபேன் இருக்கு. தூக்கம்தான் இல்லை." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "நாளைக்கு மத்தியானம் வந்து நீயே பாரு," என்று சொல்லிப் போனாள். வாசலைத் தாண்டியதும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டது தெரிந்தது.

அத்தைக்குப் பிள்ளைகள் இல்லை. "பையனைப் பெத்து, வளர்த்து, பொண்ணு தேடி அலையாம எனக்கு ஓசியில கிடைச்ச மருமக" என்று அவளைச் சொல்லுவாள். யாரிடமும் நாலு வார்த்தைக்கு மேல் பேசாத பெண்ணுக்கு அத்தையின் பேச்சு ஒரு திண்டு மாதிரி. சாய்ந்துகொண்டு சும்மா இருக்கலாம்.

அந்த ஆஸ்பத்திரி ஒரு சரிவின் மேல் இருந்தது. நோயாளிகள் இருக்கும் கட்டடங்கள் எல்லாம் அடியில், மரங்களுக்கு நடுவே. சலவைக்கூடம் மட்டும் உச்சியில். தண்ணீர்த் தொட்டி அங்கே இருந்ததாலும் வெயில் அங்கே தடையில்லாமல் விழுந்ததாலும் யாரோ எப்போதோ அப்படிக் கட்டிவிட்டார்கள். அதனால் ஆஸ்பத்திரியின் அழுக்கெல்லாம் மேலே ஏறியது, வெளுத்ததெல்லாம் கீழே இறங்கியது. நடுவில் வளைந்து வளைந்து ஒரு பாதை. அந்தப் பாதை அத்தையுடையது.

சின்ன வயதில் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடச் சேர்ந்தவள். ஆவியில் நின்று நின்று, வெளியே வந்தாலும் முகம் இப்போதுதான் கழுவியது போலவே இருக்கும். வலது மணிக்கட்டில் இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு ஒன்று, இலை வடிவத்தில். அதைக் காட்டி, "இதுதான் எனக்கு அவங்க கொடுத்த வாட்ச்" என்பாள். பிறகு தள்ளுவண்டி தள்ளினாள். மின்வண்டிகள் வந்து இறங்கியபோது, அதுவரை டீசல் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த ஆண்கள் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சத்தமே இல்லை, இது பொம்மை வண்டி" என்று ஒதுங்கினார்கள். "பொம்மையை நான் வச்சு விளையாடறேன்" என்று அத்தை கையைத் தூக்கினாள். ஓட்டக் கற்றுக்கொண்ட அன்றே செருப்பைக் கழற்றிவிட்டாளாம். வண்டி பேசுவது பாதத்துக்குத்தான் கேட்கும் என்பது அவள் கட்சி.

வண்டியின் முன்னால் ஓட்டுகிறவருக்கு மட்டும் ஓர் இருக்கை. பின்னால் துணி அடுக்கும் திறந்த தட்டு. தட்டின் ஓரமாக, அடுக்கு சரியாமல் பிடித்துக்கொள்ள வருகிறவருக்கு என்று ஒடுங்கிய பின்னிருக்கை. அதில்தான் மாமா தூங்கினார்.

மாமா ஒரு குளிர்பதனக் கிடங்கில் இரவுக் காவலாளியாக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு ராத்திரி வேலை, அத்தைக்குப் பகல் வேலை. அவர் வீட்டுக்குள் நுழையும்போது அவள் வெளியே கிளம்புவாள். "ஒரே கட்டில், ரெண்டு ஷிப்ட். தலையணைக்கு மட்டும் லீவே கிடையாது" என்பாள் அத்தை. சாயங்காலம் அவள் திரும்பி வரும்போது அவர் எழுந்து, முகம் கழுவி, பெல்ட்டை மாட்டிக்கொண்டிருப்பார். தலையணையில் அவர் தலை வைத்த குழி மட்டும் இருக்கும். அதில் கை வைத்துப் பார்த்தால் சில நாள் சூடு இருக்கும், சில நாள் இருக்காது.

ஓய்வு வந்தால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தூங்கி ஒரே நேரத்தில் எழுந்திருக்கலாம் என்று அத்தை ஆசையாக இருந்தாள். நடந்தது வேறு. ராத்திரி முழுக்க மாமா வாசல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்தார். பகலில் படுத்தால், பகலில் படுக்க இப்போது என்ன உரிமை என்பதுபோல எழுந்துகொண்டார். மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரையோடும் விழித்திருந்தார். "எங்க வீட்டுக்குள்ள திருடன் வந்தா அவன்தான் பாவம். இவர் பேச்சுத்துணைக்கு உக்கார வச்சிடுவார்" என்று அத்தை சிரித்தாலும், மாமாவின் கண்ணுக்குக் கீழே தோல் கறுத்துத் தொங்குவதைப் பார்த்துக்கொண்டுதான் சிரித்தாள். போகப் போக அவர் பாதிப் பேச்சில் வார்த்தையை விட்டார். ஒருநாள் அடுப்பில் பாலை வைத்துவிட்டு எதற்கு வைத்தோம் என்று கேட்டார். இப்படியே போனால் இதயத்துக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஒரு மத்தியானம் அத்தை சாப்பாட்டு டப்பாவை வீட்டிலேயே மறந்து வந்துவிட்டாள். மாமா அதைத் தூக்கிக்கொண்டு சரிவு முழுக்க நடந்து ஏறி வந்தார். வேர்த்து விறுவிறுத்து நின்றவரைத் திரும்பவும் நடக்க விட மனமில்லாமல், "பின்னாடி ஏறுங்க, கீழே விட்டுடறேன்" என்றாள். வெயிலில் காய்ந்து மடித்த படுக்கை விரிப்புகள் அப்போதுதான் அடுக்கப்பட்டு வெதுவெதுவென்று இருந்தன. வண்டி இறக்கத்தில் இறங்கியது. அத்தை காலை எடுத்ததும் மோட்டார் முனக ஆரம்பித்தது. முதல் வளைவு திரும்புவதற்குள் மாமாவின் தலை விரிப்புகளின் மேல் சாய்ந்துவிட்டது.

கீழே வந்து திரும்பிப் பார்த்த அத்தை பதறி இறங்கினாள். அவர் மூக்கருகில் விரலை வைத்துப் பார்த்தாள். வார்டு ஆயா ஓடிவந்து பார்த்துவிட்டு, "அடப் போம்மா, மனுஷன் குறட்டை விடறாரு" என்றாள். அன்றைக்கு ஆயா, தூங்குகிறவரைச் சுற்றியிருந்த துணிகளை மட்டும் ஒவ்வொன்றாக உருவி எடுத்தாள். கடைசியில் அவர் தலைக்குக் கீழே இருந்த விரிப்புகள் மட்டும் மிஞ்சின. அவற்றை விட்டுவிட்டுப் போனாள்.

அதிலிருந்து மாமா மத்தியான வண்டிக்குத் தவறாமல் வந்தார். வண்டிகளுக்கெல்லாம் பொறுப்பாளர் ஒருவர் உண்டு. எதற்கெடுத்தாலும் தாளில் எழுதி ஒட்டுவதால் அவருக்கு 'சுற்றறிக்கை' என்று பெயர். அவர் இதைக் கண்டுபிடித்தபோது எல்லோரும் பயந்தார்கள். மறுநாள் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. துணி அடுக்கைப் பிடித்துக்கொள்ள ஓய்வுபெற்ற காவலாளி ஒருவர் தொண்டராகச் சேர்த்துக்கொள்ளப்படுகிறார் என்று அதில் இருந்தது. மாமா தூங்கும்போது ஒரு கையைத் துணி அடுக்கைக் கட்டும் கயிற்றில் போட்டுக்கொள்ள ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

அத்தை சொன்னபடி அவள் மறுநாள் மத்தியானம் மேலே போனாள். மாமா ஏற்கனவே பின்னிருக்கையில் இருந்தார். நகர்ந்து இடம் கொடுத்தார்.

"வாம்மா எஞ்சினியர். என் படுக்கையறையைச் சோதிக்க வந்தியா?"

"சும்மா பாக்கலாம்னு மாமா."

"பாரு, பாரு. வாடகை மட்டும் கேக்காதே."

வண்டி புறப்பட்டது. சோப்பும் வெயிலும் கலந்த வாசனை. இறக்கம் தொடங்கியதும் அத்தை காலை எடுத்தாள். உடனே யாரோ பின்னால் இருந்து சட்டையைப் பிடித்து இழுத்தது போல வண்டி ஒரு குலுக்கலுடன் அடங்கியது. மாமாவின் தலை முன்னால் போய் வந்தது. கண் மூடப்போன இமைகள் திறந்துகொண்டன. ஒவ்வொரு வளைவிலும் அதே. அத்தை கொஞ்சம் அழுத்துவாள், விடுவாள், வண்டி வெடுக்கென்று பிடிக்கும்.

"டிக்கெட் எடுக்கலைனு கண்டக்டர் தட்டி எழுப்பற மாதிரி இருக்கு," என்றார் மாமா. சிரித்துக்கொண்டே சொன்னார். ஆனால் பக்கத்தில் இருந்து பார்த்தபோது அவர் கண்ணில் சிவப்பு நரம்புகள் கிளை கிளையாக ஓடியிருப்பது தெரிந்தது.

அப்போதுதான் துணி அடுக்கு ஒன்று சரிந்து பாதையில் விழுந்தது. அத்தை நிறுத்தி இறங்கி, மண் பட்ட தலையணை உறைகளைப் பொறுக்கினாள். "இந்த வாரம் பூரா இதே பொழப்புதான். வெளுத்ததைத் திரும்ப வெளுக்கறாங்க. சலவைக்கூடத்துல என்னைத் திட்டறாங்க, உன்னைனு நினைச்சுக்கிட்டு நான் வாங்கிக்கறேன்."

அவள் கவனித்த இன்னொன்றும் உண்டு. அத்தையின் முன்னால் இருந்த கண்ணாடி பின்னால் வரும் பாதையைக் காட்டவில்லை. பின்தட்டின் பக்கமாகத் தாழ்த்தித் திருப்பப்பட்டிருந்தது. யாரோ இடித்துவிட்டார்கள் என்று நினைத்து அவள் அதைச் சரிசெய்யப் போனபோது, "அதைத் தொடாதே" என்றாள் அத்தை.

சுற்றறிக்கையிடம் பேசுவதற்கு அவள் வாக்கியத்தை மனதுக்குள் பல தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு போனாள்.

"ஒருத்தர் தூங்கறதுக்காக ஒரு செட்டிங்கா?" என்றார் அவர், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே. "இதை நான் எந்தத் தலைப்புல எழுதுவேன், சொல்லு பாப்போம்."

"துணிக்காகனு எழுதுங்க சார். அடுக்கு சரியுது."

"சரியுதா?"

"நேத்து நானே பார்த்தேன் சார். திரும்ப வெளுக்கற தண்ணியையும் கரண்டையும் சேர்த்தா, பிரேக்கில மிச்சம் பிடிக்கிறது அதுக்கே போயிடும்."

அவர் அவளை நன்றாகப் பார்த்தார். அவள் அவரிடம் இவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. "மத்த வண்டியெல்லாம் மருந்துப் பெட்டியும் குப்பையும்தான் ஏத்துது. அதெல்லாம் அப்படியே இருக்கட்டும். துணி வண்டிக்கு மட்டும் சோதனை முறையில்" என்று சொல்லிவிட்டுப் பேனாவைத் திறந்தார். எழுதக் கிடைத்ததில் அவருக்கும் சந்தோஷம்தான்.

அதன்பின் வந்த மத்தியானங்களை அவள் பிற்பாடு நினைத்துப் பார்க்கும்போது, அவை ஒரே ஒரு நீண்ட மத்தியானமாகவே நினைவுக்கு வரும். மடியில் கணினி, அதிலிருந்து ஒரு கம்பி வண்டியின் வயிற்றுக்குள். பக்கத்தில் மாமா. இலைகளின் நிழல் விரிப்புகளின் மேல் ஊர்ந்து, மாமாவின் முட்டியில் ஏறி, இறங்கி, பின்னால் நழுவிப் போகும். கீழே ஜன்னல்களில் திரைச்சீலைகள் ஒன்றாக உள்ளே போய் ஒன்றாக வெளியே வரும். கட்டடங்களே மூச்சு விடுவது போலத் தோன்றும்.

ஏறும்போது பேட்டரி மோட்டாருக்குக் கொடுக்கிறது. இறங்கும்போது சக்கரம் மோட்டாரைச் சுற்றுகிறது. அப்போது மோட்டார், வண்டியை இழுத்துப் பிடித்தபடியே, அந்தச் சுழற்சியில் பிறக்கும் மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. அந்த நேரத்தில் எழுகிற முனகல்தான் மாமாவின் தாலாட்டு. எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பதைவிட எப்படிப் பிடிக்கத் தொடங்க வேண்டும் என்பதுதான் அவள் தேடியது. முதலில் ஒன்றுமே இல்லாதது போல, பிறகு தோளில் ஒரு கை வந்து அமர்வது போல, பிறகு அந்தக் கையின் கனம் மெல்ல இறங்குவது போல. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாற்றுவாள். திரையில் கோடு ஏறும் இறங்கும். அவள் பார்ப்பது கோட்டை அல்ல, மாமாவின் மோவாயை.

"என்ன சொல்லுது மீட்டர்?" என்று அத்தை திரும்பாமல் கேட்பாள்.

"இன்னும் முழிச்சிருக்கு."

"மீட்டருக்குக் காது கேக்கும்மா," என்பார் மாமா கண்ணை மூடியபடியே.

ஒரு தடவை அவளே தூங்கிவிட்டாள். விழித்தபோது வண்டி வார்டு வாசலில் நின்றிருந்தது. அத்தையும் மாமாவும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "மருந்து மாறிப் போய் வைத்தியருக்கே வேலை செஞ்சிடுச்சு," என்றாள் அத்தை. "வண்டிக்கு வைத்தியம் பாக்கத் தெரியுது, சரிவுல ஓட்டத் தெரியாது, உக்காந்தா தூங்கத் தெரியுது." அது உண்மைதான். கூடத்துக்கு வெளியே உள்ள சமதளத்தைத் தாண்டி அவள் எந்த வண்டியையும் ஓட்டியதில்லை.

மறுநாள் பிடிப்பு சரியாக அமைந்தது. மாமாவின் தலை ஆடாமல் மெதுவாகச் சாய்ந்தது. முழுத் தூக்கம் இல்லை, தூக்கத்தின் வாசல் வரைக்கும். அன்று அவள் கணினியை மூடிக்கொண்டு சொன்னாள், "இவ்வளவுதான் அத்தை. முன்னே பிடிச்சதைவிட கரண்ட் ஒரு துளி குறையும், பரவாயில்லை."

அந்த 'ஒரு துளி குறையும்' அத்தையின் காதில் எப்படி விழுந்தது என்பது அப்போது அவளுக்குத் தெரியவில்லை.

அடுத்த நாள் கணினி இல்லாமல், வெறும் கையோடு, வேடிக்கை பார்க்கவே அவள் மேலே போனாள். அத்தை அன்று ஏனோ நேரம் கடத்தினாள். துணி அடுக்கி முடித்த பிறகும் சலவைக்கூடத்துச் சுவரிலிருந்து வண்டிக்கு மாட்டியிருந்த சார்ஜ் கம்பியை உருவவில்லை. பச்சை விளக்கு எரிந்த பிறகுதான் கிளம்பினாள். இறக்கம் வந்தது. அத்தை காலை எடுத்தாள்.

ஒன்றும் நடக்கவில்லை. பிடிப்பு இல்லை, முனகல் இல்லை. வண்டி தன்பாட்டுக்கு உருண்டது. வேகம் ஏற ஏற, அத்தை கால் பிரேக்கை மிதித்தாள். பிரேக் கிறீச்சிட்டது. வண்டி நன்றாகவே நின்றது. ஆனால் மாமா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"சத்தம் எங்க போச்சு?" என்றார். கையிலிருந்த பொருளை யாரோ பிடுங்கிவிட்ட குழந்தையின் குரல்.

அத்தை வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுத் திரும்பினாள். அவள் முகத்தில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. "போச்சு. உன் வைத்தியமும் போச்சா?"

அவள் எட்டி, பேட்டரி அளவு காட்டும் முள்ளைப் பார்த்தாள். பிறகு கேட்டாள், "அத்தை, தினமும் பச்சை லைட் வர்ற வரைக்குமா போடுவீங்க?"

"இல்லையே. இன்னைக்குத்தான். நீ எங்களுக்காகக் கரண்டை விட்டுக்கொடுத்துட்டே. ஆஸ்பத்திரிக்குக் குறையக் கூடாதுன்னு நான் மேலேயே வழிய வழிய ஏத்திக்கிட்டேன். நல்லதுதானே பண்ணினேன்?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தை முறைத்தாள்.

"அத்தை, வயிறு முட்டச் சாப்பிட்டவங்களுக்கு இலையில இன்னும் பரிமாறினா என்ன பண்ணுவாங்க?"

"கையைக் குறுக்கே நீட்டுவாங்க."

"அதுதான். பேட்டரி நிறைஞ்சிருந்தா, மோட்டார் பிடிக்கிற கரண்டைப் போட இடம் இல்லை. பேட்டரிக்குள்ள ஒரு சின்னப் பலகை இருக்கு. எவ்வளவு உள்ளே வரலாம், எவ்வளவு வெளியே போகலாம்னு பாத்துக்கிட்டே இருக்கும். நிறைஞ்சதும் அது கதவை மூடிடும். கதவை மூடினா மோட்டாரால பிடிக்க முடியாது. சத்தமும் வராது."

மாமா இதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். "பகல்லயும் ராத்திரியிலயும் பாத்துக்கிட்டே இருக்குமா?"

"ஆமா மாமா. வண்டி நின்னாலும்."

"கதவு பக்கத்துலயே?"

"ஆமா."

"பாவம்," என்றார் மாமா. "அதுக்கு ஷிப்ட் மாத்திவிட ஆள் உண்டா?"

அத்தை ஸ்டியரிங்கின் மேல் போட்டிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று தெரியாதபடி கொஞ்ச நேரம் துடைத்தாள். "நானும்தான் பாக்கறேன். இந்த வீட்டுல, இந்த வண்டியில, எல்லாம் வாட்ச்மேன் ஜாதகமா வந்து மாட்டுது," என்றாள். பிறகு துண்டை மடித்துப் போட்டுவிட்டு, "அப்போ இறங்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் பசியோட கிளம்பணும். அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான் அத்தை."

"இதை முதல்லயே சொல்ல உனக்கு வாய் வலிச்சுதா?"

மறுநாள் அத்தை பச்சை விளக்குக்கு முன்பே கம்பியை உருவினாள். இடம் விட்டு வைத்த பேட்டரியோடு வண்டி கிளம்பியது. இறக்கத்தின் தலையில் காலை எடுத்தாள். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு அடியில் எங்கோ ஒரு முனகல் பிறந்து, கனத்து, வண்டியைத் தாங்கிக்கொண்டது. வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பாதை இறங்குகிறதா, மரங்கள் ஏறுகின்றனவா என்று சொல்ல முடியவில்லை. விரிப்புகளின் வெதுவெதுப்பு முதுகில் பரவியது. இரண்டாவது வளைவில் மாமாவின் தலை சாய்ந்தது. கயிற்றில் இருந்த விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. வாய் கொஞ்சம் திறந்தது. முகத்தில் காவலாளி என்று ஒருவன் இருந்ததற்கு அடையாளமே இல்லாமல் போயிற்று. நெற்றிச் சுருக்கம்கூட எழுந்து எங்கோ போய்விட்டது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்திருந்தாள். ஒருவர் இவ்வளவு பக்கத்தில், இவ்வளவு நம்பிக்கையாகத் தூங்கி அவள் பார்த்ததில்லை.

கீழே ஆயா வந்து, சத்தம் போடாமல், சுற்றியிருந்த துணிகளை உருவ ஆரம்பித்தாள். அத்தை இறங்கவில்லை. கண்ணாடியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"தூங்கறாரா?" என்று உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டாள்.

அவள் தலையசைத்தாள்.

வாரங்கள் போயின. மாமாவின் கண்ணுக்குக் கீழே இருந்த கருமை வெளுத்தது. மத்தியானத் தூக்கம் பழகியதும் ராத்திரியிலும் கொஞ்சம் கண் அயர்ந்தாராம். அத்தையைப் படுக்க அனுப்பிவிட்டு, அவள் தூங்கி வெகுநேரம் கழித்து, நாற்காலியிலேயே. அவள் எழுந்து வருகிற சத்தம் கேட்டால் விழித்துக்கொள்வார். காவல்காரனின் காது அது, அதை மாற்ற எந்தச் செட்டிங்கும் இல்லை.

ஒரு மத்தியானம் வண்டியின் டயரைப் பார்க்க அவள் மேலே போயிருந்தாள். துணி அடுக்கி முடிந்திருந்தது. மாமா இன்னும் சரிவேறி வந்துகொண்டிருந்தார். மரங்களுக்கு நடுவே அவர் வெள்ளைச் சட்டை தெரிவதும் மறைவதுமாக இருந்தது. அத்தை விளக்கைப் பார்த்து, பச்சை வருவதற்கு முன் கம்பியை உருவிச் சுற்றி வைத்தாள். பிறகு வண்டியில் ஏறாமல் நின்றாள்.

"மருமகளே, ஒண்ணு கேப்பேன். சிரிக்கக் கூடாது."

"சொல்லுங்க அத்தை."

"கண்ணாடிய எப்படித் திருப்பினாலும் அவர் நெத்தி மட்டும்தான் தெரியுது. அதுவும் வளைவுல தெரியாது. நான் பாதையைப் பாக்கணும்ல. கீழே நின்னதும் அழுக்குத் துணி எடுக்க ஓடணும்." அத்தை மணிக்கட்டுத் தழும்பைத் தடவிக்கொண்டாள். "கல்யாணம் பண்ணி இத்தனை வருஷம். அவர் தூங்கற முகத்தை நான் நிம்மதியா உக்காந்து பார்த்ததே இல்லை. நீ பாக்கறே, ஆயா பாக்கறா, அந்த மரமெல்லாம் பாக்குது. எனக்கு முதுகுதான் அவர் பக்கம்."

அத்தை ஸ்டியரிங்கின் மேல் இருந்த துண்டை எடுத்து உதறி, நான்காக மடித்து, அவள் கையில் வைத்தாள்.

"செருப்பைக் கழட்டிட்டு, இன்னைக்கு ஒரு தடவை நீ ஓட்டும்மா. மெதுவா போனா போதும். நான் பின்னாடி உக்காந்துக்கறேன்."